நாற்பத்திரண்டாம் நம்பர்க் குஞ்சு

இந்தப் பஸ் போய்ச்சேர இன்னும் ரெண்டரை மணித்தியாலம் இருக்கு பிள்ளை. அந்தப் புத்தகம் எங்கையும் ஓடாது, பேந்து படிக்கலாம். நெத்தியிலை திருநீறைக் கண்டவுடனை நினைச்சன், எங்கடை ஆள்தான் எண்டு. நான் சுழிபுரம், கடற்கரை ஊர். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தாறு வருசம். கிழக்குக் கரையிலை ஒரு சின்னப் பட்டினத்திலை கடை வைச்சிருந்தனான். பால், பேப்பர், சிகரெட், லொத்தர் ரிக்கற். போன வருசம் வித்துப்போட்டன். பட்டினம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் தமிழன் எண்டு நான் ஒருத்தன்தான். மனுசி இருந்தவரைக்கும் ரெண்டு பேர்.

எனக்கு ஒரு அநியாயம் நடந்தது. முழுக்கக் கேட்டிட்டு நீங்களே சொல்லுங்கோ, பிழை ஆரிலை எண்டு. என்னை ஆசுப்பத்திரி வேலையாலை நிப்பாட்டிப்போட்டினம். மனுசற்றை ஆசுப்பத்திரி இல்லை. சீல் ஆசுப்பத்திரி. சிரிக்காதையுங்கோ. சீலைக் கடல்நாய் எண்டும் சொல்லுவினம். நாயுமில்லை, மீனுமில்லை. கைகால் எல்லாம் செட்டையா இருக்கும், முகம் மட்டும் ஒரு வயசுக் குழந்தை. தாய் இல்லாமல் கரையிலை ஒதுங்கிற குட்டியளைக் கொண்டுவந்து, தேத்தி, மீன் தின்னப் பழக்கி, திரும்பக் கடலிலை விடுற இடம் அது. சம்பளமில்லை. சம்பளமில்லாத வேலையாலை நிப்பாட்டுப்பட்ட ஒரே ஆள் இந்த நாட்டிலை நானாத்தான் இருப்பன்.

தொடக்கம் இப்பிடித்தான். மார்கழி மாதம். ரெண்டு நாளாப் புயல் அடிச்சு அண்டைக்குத்தான் விட்டது. காலமை கடை திறந்து பேப்பர் அடுக்கிப்போட்டு, சனம் வராதெண்டு தெரியும், கடற்கரைப் பக்கம் நடந்தன். அப்பதான் ஒரு சத்தம். குழந்தை அழுகிற சத்தம். ஆரோ பிள்ளையை மறந்துபோட்டுப் போட்டினம் எண்டு ஓடினன், உண்மையா ஓடினன். பார்த்தால் பாசிக் குவியலுக்கை வெள்ளை மயிரோடை ஒரு சீல்குட்டி. தொப்புள் கொடி கூடக் காயேல்லை. கண்ணாலை தண்ணி வடியுது. வாயைத் திறந்து என்னைப் பார்த்து 'மா' எண்டு இழுக்குது.

அந்தச் சத்தம் இப்பவும் எனக்குள்ளை கிடக்கு. இப்ப இந்தப் பஸ் பிரேக் பிடிச்சுதே, கேட்டியளோ? அதுக்குள்ளையும் கிடக்கு. கேத்திலிலை தண்ணி கொதிக்கத் தொடங்கேக்கை கேக்கும். ஆரும் கதவைக் கொஞ்சம் ஆறுதலா மெல்லத் திறந்தாலும் கேக்கும்.

தொடப்படாது எண்டு அங்கை போர்ட் போட்டிருக்கு. தாய் இரை தேடப் போயிருக்கும், நீ தொட்டால் திரும்பி வராது, தள்ளி நிண்டு இந்த நம்பருக்கு அடி எண்டு. நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆள். அடிச்சன். அவை வந்து, தூரத்திலை படுத்துக்கிடந்து, அண்டைக்கும் அடுத்த நாளும் பார்த்தினம். தாய் வரேல்லை. புயலிலை என்னத்துக்குள்ளை போச்சோ. பிறகுதான் துவாயாலை சுத்தித் தூக்கினது. தூக்கினவள் அந்த ஆசுப்பத்திரியின்ரை பெரியவள், ஜூடித் எண்டு பேர், என்ரை வயசிருக்கும், ஆம்பிளை மாதிரிக் கை. "நவா, உனக்கு மீன் வெட்டத் தெரியுமோ?" எண்டு கேட்டாள். எனக்கோ? சுழிபுரத்தானைப் பார்த்து மீன் வெட்டத் தெரியுமோ எண்டு கேக்கிறாள். அடுத்த திங்கட்கிழமையே வேலைக்குப் போட்டன்.

அங்கை எல்லாத்துக்கும் நம்பர்தான், பேர் வைக்கிறேல்லை. இது நாப்பத்திரண்டு. இன்னொரு சட்டமும் இருக்கு, அதுதான் பெரிசு. கதைக்கப்படாது. குட்டியள் இருக்கிற அறைக்கை போனால் ஒரு சொல்லும் பறையப்படாது. எல்லாரும் ஒரே நிறத்திலை உடுப்பு, கண்ணுக்குக் கண் பார்க்கிறேல்லை, மீனைக் குடுத்திட்டு மூச்சுக் காட்டாமல் வெளியிலை. ஏனெண்டால் மனுசக் குரலுக்கும் சாப்பாட்டுக்கும் அது முடிச்சுப் போட்டிட்டுதெண்டால், பேந்து கடலிலை விட்டாலும் மனுசரைத் தேடி வரும். வந்தால் படகு அடிக்கும், நாய் கடிக்கும். இல்லாட்டில் அது ஆரையேன் கடிக்கும். ஜூடித் எனக்கு இதை முதல்நாளே ரெண்டுதரம் சொன்னவள். நான் சொன்னன், அம்மா, எனக்கு இது கஷ்டமில்லை, நான் இயற்கையாவே கதை குறைஞ்ச ஆள் எண்டு.

என்ன சிரிக்கிறியள்? உண்மைதான் பிள்ளை. என்ரை மனுசியைக் கேட்டால் சொல்லுவா, பாவம், இப்பக் கேக்கேலாது. முப்பத்தொரு வருசம் ஒரு வீட்டிலை இருந்தம். கடைக் கதை, கறிக்கு உப்புக் காணாத கதை. அதுக்கு மேலை நானும் ஒண்டும் சொன்னதில்லை, அவவும் ஒண்டும் கேட்டதில்லை.

நாப்பத்திரண்டு சாப்பிடேல்லை. அதுதான் பிரச்சினை. முதல் ரெண்டு கிழமை குழாய் விட்டு மீனை அரைச்சு வயித்துக்கை ஊத்தினவை. பிறகு முழு மீன் பழக்கவேணும். மற்றக் குட்டியள் ரெண்டு மூண்டு நாளிலை பிடிச்சிட்டுதுகள். இது வாயைப் பூட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடக்கும். திணிச்சால் துப்பும். எடை இறங்கிக்கொண்டு போகுது. ஜூடித் ஒரு நாள் என்னை வெளியிலை கூப்பிட்டு, "நவா, இது தப்பாது போலை இருக்கு" எண்டாள். உள்ளை போய்ப் பக்கத்திலை இருந்தன். அது சுவரைப் பார்க்குது, நான் அதைப் பார்க்கிறன். கையிலை மீன்.

அப்ப என்ரை வாயாலை வந்திட்டுது. "குஞ்சு, ஆக் காட்டு."

அவ்வளவுதான். மகளுக்குச் சோறு தீத்தேக்கை நான் சொல்லுறது அது. எங்கடை வீட்டிலை சின்னனிலை நான்தான் தீத்தினது, மனுசி அப்ப பின்னேர வேலைக்குப் போறவ. "ஆக் காட்டு குஞ்சு, இந்தா காகம் கொண்டுபோகப் போகுது." குட்டி தலையைத் திருப்பிச்சுது. கண் ரெண்டும் இவ்வளவு பெரிசு. வாயைத் திறந்துது பிள்ளை! சத்தியமாச் சொல்லுறன், திறந்துது. மீனை வைச்சன். விழுங்கிட்டுது.

இப்ப நீங்கள் சொல்லுங்கோ, அதிலை என்ன பிழை? செத்துப்போற சீவன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் எண்டு சொல்லுவினம், வாயைத் திறக்கப்பண்ணினது ஆர்? அடுத்த நாளும் சொன்னன். அதுக்கடுத்த நாளும். ஜூடித் நிறுத்துப் பார்த்திட்டு, "என்ன மந்திரம் போட்டாய்?" எண்டு கேட்டாள். நான் தோளை உயர்த்திப்போட்டு இருந்திட்டன்.

சட்டம் எனக்குத் தெரியாமலில்லை. யோசிச்சுத்தான் செய்தனான். என்ரை யோசினை என்னெண்டால், சட்டம் மனுசக் குரல் எண்டு சொல்லுது. அது ஆரின்ரை குரல்? அந்தக் கடற்கரையிலை கேக்கிற குரல். இங்கிலிஷ்காரற்றை குரல். அந்தக் குட்டி போய் வாழப்போறது இங்கிலிஷ் கடலிலை. அங்கை வந்து ஆர் தமிழ் கதைக்கப்போறான்? இங்கிலிஷிலை நான் ஒரு சொல்லும் சொல்லேல்லையே. தமிழ் அதுக்குத் தீங்கு செய்யாத பாஷை எண்டு நினைச்சன். இப்பவும் கணக்குச் சரிதான். நடந்தது வேறை.

பிறகு நான் கொஞ்சம் கூடக் கதைச்சன் எண்டது உண்மை. தீத்தி முடிய உடனை எழும்பி வராமல் இருந்து கதைப்பன். கதவு சாத்தியிருக்கும். கடையிலை நடந்தது, மனுசி செத்த விதம், சுழிபுரத்துக் கடலிலை நான் நீந்தினது. ஆரணியைப் பற்றியும் சொன்னன். ஆரணி எண்டது மகள், ஒரே ஒரு பிள்ளை.

உங்களுக்கும் சொல்லவேணும், சொல்லாட்டில் பாதி விளங்காது. ஆரணிக்கு நல்ல இடத்திலை செய்து குடுத்தனான். பெடியன் கணக்காளர், சொந்த வீடு, குடியில்லை. கலியாணமாகி மூண்டாம் வருசம், மனுசி செத்துக் கொஞ்சக் காலம், பங்குனி மாதம், மழை. பின்கதவு மணி அடிச்சுது. திறந்தால் இவள் சூட்கேசோடை படியிலை நிக்கிறாள். என்ன எண்டு கேட்டன். "அவர் என்னோடை கதைக்கிறேல்லை அப்பா" எண்டாள். "எட்டு மாசமா ஒரு சொல்லும் கதைக்கேல்லை." அடிச்சவனோ எண்டு கேட்டன். இல்லையாம். காசு தாறேல்லையோ? தாறாராம். வேறை ஆரும்? இல்லையாம். கதைக்கிறேல்லையாம்! இது ஒரு காரணமோ? நானும் கொம்மாவோடை எவ்வளவு கதைச்சன், அவ சூட்கேஸ் தூக்கினவவோ எண்டு கேட்டன். அதுக்கு அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

நான் உள்ளை விடேல்லை. கோவத்திலை இல்லை பிள்ளை, அவளின்ரை நன்மைக்கு. அண்டைக்கு விட்டால் அவள் திரும்பிப் போகமாட்டாள், வாழப் பழகமாட்டாள். அடியாத மாடு படியாது எண்டது சும்மா சொன்ன சொல்லில்லை. ரெண்டு சொல்லுச் சொன்னன், கதவைச் சாத்தினன். விடியத் தானாப் புருஷன் வீட்டை போயிருப்பாள் எண்டு நினைச்சன். போகேல்லை. எங்கையோ போனாள். அண்டையிலையிருந்து நாலு வருசம், ஒரு கதை பேச்சில்லை.

இதையெல்லாம் நாப்பத்திரண்டுக்குச் சொன்னன். அது செட்டையாலை முகத்தைச் சொறிஞ்சுகொண்டு கேக்கும். நாலரை மாசம். நான் முப்பத்தொரு வருசத்திலை மனுசியோடை கதைச்சதிலும் அது கூட.

வைகாசியிலை நாப்பது கிலோ. கடலிலை விடுறதுக்கு அது காணும். வெள்ளை மயிர் எல்லாம் உதிர்ந்து, சாம்பல் நிறத்திலை புள்ளியள், வடிவெண்டால் வடிவு. பின்செட்டையிலை மஞ்சள் தகடு குத்தினவை. அஞ்சு குட்டியளைப் பெட்டியிலை வைச்சுக் கடற்கரைக்குக் கொண்டுபோய்த் திறந்தம். நாலு விழுந்தடிச்சுத் தண்ணிக்கை போட்டுதுகள். நாப்பத்திரண்டு பாதி வழியிலை நிண்டு திரும்பிப் பார்த்துது. நாங்கள் பத்துப் பேர் வரிசையா நிக்கிறம், ஒரே நிற உடுப்பு. ஒவ்வொருத்தராப் பார்க்குது. நான் வாயை இறுக்கிப் பிடிச்சன். கொஞ்ச நேரம் நிண்டுபோட்டுப் போட்டுது. எல்லாரும் கை தட்டிச்சினம். நான் காருக்கை போய் இருந்து அழுதன், அதிலை எனக்கு வெக்கமில்லை.

இனித்தான் வினை. ஆடி மாசம் லண்டனிலையிருந்து ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் எங்கடை கடற்கரைக்குச் சுற்றுலா வந்தது. மூண்டு பஸ். எங்கடை ஆக்கள் மூண்டு பேர் சேர்ந்தால் சந்தை, நூற்றைம்பது பேர் சேர்ந்தால் யோசிச்சுப் பாருங்கோ. ஸ்பீக்கர், கிரிக்கெட், கொத்துரொட்டி. எனக்கு உண்மையிலை சந்தோசம், கடையிலையிருந்தே சத்தம் கேட்டுது. மத்தியானம் போல ஒரு தாய், பாயிலை இருந்து தன்ரை பிள்ளைக்குச் சோறு தீத்தியிருக்கிறா. "ஆக் காட்டு, ஆக் காட்டு" எண்டு. தண்ணிக்குள்ளையிருந்து ஒரு சீல் வந்துது. நூற்றைம்பது பேருக்கு நடுவாலை வயித்திலை இழுபட்டு இழுபட்டு வந்து, அந்தப் பாயிலை தலையை வைச்சு வாயைத் திறந்திட்டுதாம்.

சனத்துக்குப் புழுகம் தாங்கேல்லை. படம் எடுத்து, மீன் கட்லற் தீத்தி, பிள்ளையளை முதுகிலை இருத்தி! எல்லாருக்கும் வீடியோ போச்சு. அடுத்த ஞாயிறு அதைப் பார்க்கவெண்டே நாலு கார். அதுக்கடுத்த ஞாயிறு பத்துக் கார். எங்கடை பட்டினத்துக்கு ஒருநாளும் வராத தமிழ்ச்சனம் அந்தக் கோடை முழுக்க வந்தது. கடலுக்கை நீட்டிக் கட்டின பாலத்திலை நிண்டு தூண்டில் போடுற ஆக்கள் தமிழிலை கதைச்சால் பாலத்துக்குக் கீழை வந்து நிக்கும். ஆவணியிலை ஒருத்தற்றை தூண்டில் முள்ளு அதின்ரை வாய்ச் சொண்டிலை ஏறிட்டுது. ஜூடித் ஆக்கள் வலை போட்டுப் பிடிச்சு, முள்ளைக் கழட்டி, தூரக் கொண்டுபோய் விட்டிச்சினம். அஞ்சு நாளிலை திரும்பி வந்திட்டுது.

ஜூடித் என்னைத் தன்ரை அறைக்குக் கூப்பிட்டாள். கொம்பியூட்டரிலை அந்த வீடியோவைப் போட்டாள். ஒருக்கா, ரெண்டுதரம், மூண்டுதரம். பிறகு கேட்டாள். "நவா, இந்தப் பொம்பிளை என்ன சொல்லுறா?"

"தெரியாது" எண்டன்.

"உன்ரை பாஷைதானே?"

"வேறை ஊர்த் தமிழ்" எண்டன். பொய்தான். பயத்திலை வந்த பொய். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோவிச்சிருந்தால் நானும் கோவிச்சிருப்பன். அவள் கோவிக்கேல்லை. "இங்கிலிஷ்காரர் எவ்வளவு கத்தினாலும் அது வரேல்லை, நவா. உங்கடை ஆக்கள் கதைச்சால் மட்டும் வருது. நீ அதுக்கு என்ன சொன்னாய் எண்டு நான் கேக்கமாட்டன். ஆனால் அடுத்த முள்ளு வயித்துக்கை போகும். இல்லாட்டில் அது ஒரு குழந்தையின்ரை கையைக் கடிக்கும், பிறகு அதை ஊசி போட்டுக் கொல்லச் சொல்லுவாங்கள். பலகை தட்டிப் பார்த்தம், தண்ணி அடிச்சுப் பார்த்தம். எங்களுக்கு அது பயப்பிடுது. உன்ரை பாஷைக்குப் பயமில்லை. அதைப் பயப்பிடுத்த உன்னாலைதான் ஏலும்" எண்டாள்.

விளங்கிச்சோ பிள்ளை? நான் தீத்தின குரலாலை நானே அதைத் துரத்திக் கலைக்கவேணும். கூப்பிட்டு, கிட்ட வரப்பண்ணி, கலைக்கவேணும். கூப்பிடாமல் கலைச்சால் சரிவராதாம். அந்தக் குரலைக் கேட்டு வந்தால் இதுதான் கிடைக்கும் எண்டு அதுக்கு விளங்கவேணுமாம்.

ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வீட்டை வந்தன். மூண்டு நாள் கடை திறக்கேல்லை. நாலாம் நாள் போய்ச் சரி எண்டன். அது செத்துப்போறதிலும் பார்க்க என்னை வெறுத்தால் பரவாயில்லை எண்டுதான்.

செவ்வாய்க்கிழமை, காலமை பத்து மணி, வத்துக்கடல், தண்ணி உள்வாங்கிக் கிடக்கு. கடற்கரையை மறிச்சு ஆக்களை விடாமல் பார்த்தினம். ஜூடித் படகுக்குப் பின்னாலை பதுங்கியிருக்கிறாள். என்ரை கையிலை ஒரு தகரத் தட்டும் மரக்கட்டையும், காலடியிலை ஒரு வாளி தண்ணி. தண்ணிக் கரையிலை நிண்டு கூப்பிட்டன். "குஞ்சு, ஆக் காட்டு."

கொஞ்ச நேரம் ஒண்டுமில்லை. பிறகு தலை தெரிஞ்சுது. என்ரை குரல் எண்டு அதுக்கு விளங்கிட்டுது, மற்றவையின்ரை குரல் இல்லை எண்டு. வந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்கவேணும்! அலையோடை பாய்ஞ்சு, மணலிலை வயித்தை அடிச்சு அடிச்சு, அந்தச் சத்தம் போட்டுக்கொண்டு வருது. குட்டியிலை போட்ட அதே சத்தம். என்ரை சப்பாத்திலை மூக்கு முட்டுற அளவுக்கு வந்திட்டுது. சொண்டிலை முள்ளுக் கிழிச்ச தழும்பு. வாயைத் திறந்துகொண்டு நிக்குது.

நான் தகரத்தை அடிச்சன். திடுக்கிட்டுது, ஆனால் போகேல்லை. தண்ணியை ஊத்தினன். அது விளையாட்டெண்டு நினைச்சுது. கத்தினன், "போ" எண்டு. அதுக்கு அந்தச் சொல் தெரியாது. நான் அதுக்கு அந்தச் சொல்லை ஒருநாளும் சொன்னதில்லையே. இன்னும் பெரிசா வாயைத் திறந்துது.

அப்பதான் எனக்கு வாய் வந்துது. எங்கை இருந்து வந்துதோ தெரியாது, யோசிக்கவே இல்லை, பாடமாக்கி வைச்ச மாதிரி வந்துது. "ஆரைக் கேட்டு வந்தனீ? உனக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லை. போ! நீ எனக்குப் பிள்ளையுமில்லை, நான் உனக்கு ஒண்டுமில்லை. செத்தாலும் இந்தப் படியிலை மிதியாதை!" ஒரு மூச்சிலை சொன்னன். தகரத்தை அடிச்சுக்கொண்டே சொல்லுறன். கடற்கரையிலை ஏது படி? படி எண்டு ஏன் சொன்னன் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

அது வாயை மூடிச்சுது. சத்தத்துக்குப் பயந்து ஓடேல்லை பிள்ளை, நான் பார்த்தனான். முதல் வாயை மூடி, என்னை ஒருமாதிரிப் பார்த்துது. பிறகு மெல்லமாத் திரும்பிப் போச்சுது.

அடுத்த நாளும் ஜூடித் இதைச் செய்விச்சவள். அண்டைக்கு அது பாதித் தூரம் வந்து நிண்டுது. மூண்டாம் நாள் தண்ணிக்குள்ளையே நிண்டு தலையைத் தூக்கிப் பார்த்திட்டு, நான் "குஞ்சு" எண்டு தொடங்க முன்னமே தண்ணிக்கடியிலை தாண்டுபோட்டுது. ஜூடித் வந்து என்னைக் கட்டிப்பிடிச்சாள். "நல்ல வேலை செய்தாய் நவா, அது தப்பியிட்டுது" எண்டாள். "என்ன சொல்லித் திட்டினாய்? அப்பிடி ஒரு திட்டை நான் கேட்டதில்லை" எண்டாள். நான் சும்மா வாயிலை வந்ததைச் சொன்னன் எண்டன்.

அதுக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது, உங்கடை சேவைக்கு நன்றி, இனி வரத் தேவையில்லை எண்டு. இதுதான் நான் சொன்ன அநியாயம். சாகக் கிடந்த குட்டியைச் சாப்பிடப்பண்ணினதும் நான், கொல்லவிடாமல் காப்பாத்தினதும் நான். கடைசியிலை வாசலுக்கு வெளியிலையும் நான்.

நாப்பத்திரண்டை அதுக்குப் பிறகு ஒருத்தரும் காணேல்லை. தகடு போட்ட சீல் ஒல்லாந்துக் கரையிலை கண்டாலும் செய்தி வரும். வரேல்லை. ரெண்டு வருசம். செத்துப்போச்சுதெண்டு எனக்குள்ளை முடிவு கட்டிட்டன். வீட்டிலை ரேடியோ போடுறேல்லை. தனிய இருந்து நாலு சொல்லு வாய்விட்டுச் சொல்லுற பழக்கம் ஒண்டு இருந்தது, அதையும் விட்டிட்டன். வாயைத் திறந்தால் எனக்கு முன்னாலை அது வாயைத் திறந்துகொண்டு நிக்குது. நான் என்ன செய்ய?

போன கார்த்திகை, கடையை வித்த கையோடை, ஒரு நாள் சீல் பார்க்கப் போற படகிலை ஏறினன். உல்லாசப் பயணியளைக் கொண்டுபோய்க் காட்டுற படகு. கடலுக்கை ஒரு மணல்திட்டு, அதிலை எப்பிடியும் இருநூறு சீல் படுத்துக் கிடக்குதுகள். படகிலை முப்பது பேர், எல்லாரும் இங்கிலிஷ்காரர், கத்துகினம், விசிலடிக்கினம், ஒரு நாய் கூடக் குரைச்சுது. ஒரு சீல் அசையவேணுமே? கொட்டாவி விட்டுக்கொண்டு கிடக்குதுகள். பழகிப்போச்சு.

நான் ஒரு பக்கத்திலை நிண்டு, கொண்டுபோன தேத்தண்ணியை வாயிலை வைச்சன். பச்சைத்தண்ணியா இருந்தது. "ஆறிப்போச்சு" எண்டன். மெல்லமா, எனக்கு நானே. அவ்வளவுதான், பிள்ளை. கூப்பிடேல்லை, பேர் சொல்லேல்லை. "ஆறிப்போச்சு."

இருநூறிலை ஒண்டு தலையைத் தூக்கிச்சுது. தூக்கின வேகத்திலை எழும்பி, மற்றதுகளுக்கு மேலாலை விழுந்து, உயிர் போற மாதிரி ஓடித் தண்ணிக்கை பாய்ஞ்சுது. மற்ற எல்லாம் கிடந்தபடி கிடக்குது. படகுக்காரன் சிரிச்சான், "அதுக்கு மட்டும் என்ன பிடிச்சுது?" எண்டு. உயிரோடை இருக்கு! கொழுத்து, பெரிசா, உயிரோடை இருக்கு! நான் சந்தோசப்படவேணும், பட்டன். பட்டுக்கொண்டிருக்கேக்கையே விளங்கிச்சு, உலகத்திலை இருக்கிற இவ்வளவு சத்தத்துக்கும் பயப்பிடாமல் அது பயப்பிடுறது இந்த ஒண்டுக்குத்தான் எண்டு.

அதோடை நான் கரைக்கு வரும்வரைக்கும் வாய் திறக்கேல்லை.

இந்தப் பஸ் போற ஊரிலைதான் ஆரணி இருக்கிறாள். தங்கச்சியின்ரை மகன் ஒருத்தன் சொன்னவன். அந்தக் கணக்காளரை விட்டிட்டாள். ஆரோ ஒருத்தரோடை இருக்கிறாள், பிள்ளை பிறந்து ஆறு மாசமாம், பொம்பிளைப் பிள்ளை. தான் ஆடாவிட்டாலும் தசை ஆடும் எண்டுவினம், ஆடுது, மறைக்கிறதிலை பிரயோசனமில்லை. அவன் நம்பரும் தந்தவன். ரெண்டுதரம் அடிச்சனான். ரெண்டுதரமும் எடுத்தாள். நான் "ஆரணி" எண்டு தொடங்கினவுடனை வைச்சிட்டாள். சத்தம் போடேல்லை, ஏசேல்லை. மூச்சு விட்ட சத்தம் கேட்டுது, பிறகு ஒண்டுமில்லை. நான் வாறனெண்டு அவளுக்குத் தெரியாது. வீட்டு வாசலிலை போய் நிண்டால் என்ன செய்வாள்? கதவைச் சாத்துவாள். அதுகூடப் பரவாயில்லை. பயந்து பின்பக்கத்தாலை போனாள் எண்டால்?

உங்களுக்கு அவளின்ரை வயசுதான் இருக்கும். உங்கடை குரலுக்கு வைக்கமாட்டாள். இந்தாங்கோ, இதிலை நம்பர் இருக்கு. உங்கடை ஃபோனாலை அடியுங்கோ. பெரிசா ஒண்டும் சொல்லவேண்டாம். "உங்கடை அப்பா பஸ் ஸ்ராண்டிலை இறங்கி நிப்பார், வீட்டை வரமாட்டார், நீங்கள் விரும்பினால் வாங்கோ" எண்டு மட்டும் சொல்லுங்கோ. கேட்டால், அவர் ஒண்டும் கதைக்கமாட்டாராம் எண்டு சொல்லுங்கோ. தூரத்திலை நிண்டு பிள்ளையைப் பார்த்திட்டு அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிப் போடுவாராம் எண்டு சொல்லுங்கோ.

நாலு, நாலு, ஏழு... ஓம், அதுதான். அடியுங்கோ.

அடிக்குதோ?

கொஞ்சம் பொறுங்கோ, நான் அந்தப் பக்கச் சீற்றுக்கு மாறி இருக்கிறன். நான் பக்கத்திலை மூச்சு விட்டாலும் அவளுக்குத் தெரிஞ்சிடும்.